குண்டூசி குத்திய பக்கங்கள்

டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் நரைத்துவிட்டது. சர்க்கரை, முட்டிவலி, பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷன் என்று பேச்சு மாறிவிட்டது. இருந்தாலும் நம் வாட்ஸாப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது அந்தச் சனிக்கிழமைகளைக் கிளப்பிவிடுகிறீர்கள். சபை முடிந்ததும் கொடுத்த கொண்டைக்கடலைச் சுண்டல், அதில் போட ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வந்த தேங்காய், ஜமக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்து நாம் வாசித்த சாஸ்திரம். அந்த மாதிரிப் பெரியவர்கள் இனி எங்கே என்று ஒருவர் எழுத, பத்துப் பேர் கைகூப்புகிற படம் போடுகிறீர்கள். நான் இதுவரை வாயைத் திறந்ததில்லை. போன வாரம் அண்டர் செக்ரட்டரி மாமாவின் பழைய புகைப்படத்தைப் போட்டு, 'தர்மத்தைக் கட்டிக் காத்தவர்' என்று எழுதியிருந்தீர்கள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் எதைக் காத்தார், எதைக் கைவிட்டார் என்பது எனக்கு வரிவரியாகத் தெரியும். அவருடைய பென்சில் குறிகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவள் நான்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். மாமா வீடு அடுத்த தெருவில், நம் வீடுகளைவிடப் பெரிய குவார்ட்டர்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாலில் ஜமக்காளம் விரித்துவிடுவார்கள். ரூம் ஹீட்டரின் இரண்டு கம்பிகளும் சிவந்து, தூசி கருகும் வாசனை வரும். ஹீட்டருக்குப் பக்கத்தில் ஆண்கள், அடுத்து நாம், சமையலறை வாசலையொட்டிப் பெண்கள். காலடியில் சில்லென்று மொசைக் தரை. மாமா மட்டும் நாற்காலியில். என் அப்பா அவருடைய அமைச்சகத்திலேயே வேறு பிரிவில் அசிஸ்டென்ட். அதனால் அப்பா சபையிலும் அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை, சார் என்றுதான் கூப்பிடுவார்.

புத்தகம் உங்களுக்கு நினைவிருக்கும். காக்கி அட்டை போட்ட தடியான தர்ம சாஸ்திரம். மேலே சுலோகம், கீழே தமிழில் அர்த்தம். ஆனால் அதை நீங்கள் தூரத்திலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தில் பார்த்தால் அது ஒரு ஆபீஸ் ஃபைல். பக்கங்களுக்கு நடுவே ஏ, பி, சி என்று எழுதிய சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகு பிய்ந்த இடத்தில் இரண்டு முனையிலும் தகரம் வைத்த பச்சை டேக் கயிறு. ஓரத்தில் டிக் இருந்தால் அது வாசிக்க வேண்டியது, நடக்க வேண்டியது. அடைப்புக்குறி இருந்தால் விட்டுவிட வேண்டியது. பக்கத்தில் 'இக்காலத்துக்குப் பொருந்தாது' என்றோ 'டெல்லியில் தளர்த்தலாம்' என்றோ ஒரு குறிப்பு, அதன் கீழே சுருக்கொப்பம், தேதி. ரிஷிகள் எழுதியதற்கு இவர் கையெழுத்துப் போட்டார்.

நீங்கள் சிரிக்கலாம். நானும் ஒரு காலத்தில் சிரித்திருக்கிறேன். சாவுத் தீட்டு பத்து நாள் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. பத்து நாள் உட்கார்ந்தால் வருஷத்து லீவு முழுக்க ஒரே சாவில் போய்விடும் என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். ஒரு வாரம் விவாதம் நடந்தது. ராஜாவின் வேலையில் இருப்பவனுக்குத் தீட்டுக் குறைவு என்று எங்கோ ஒரு வரியை மாமா கண்டுபிடித்தார். சர்க்கார்தான் இப்போது ராஜா. பத்து நாள் மூன்று நாளாயிற்று. கடல் தாண்டிப் போகக்கூடாது என்கிற வரிக்கு முதலில் டிக் இருந்தது. மாமாவின் மகனுக்கு அமெரிக்காவில் படிக்க இடம் கிடைத்த வாரம் அது அடைப்புக்குறிக்குள் போனது. டிக்கை ரப்பரால் அழித்த தடம் காகிதத்தில் அப்படியே தெரியும். அதற்கு விவாதம் ஒரு நிமிஷம்கூட நடக்கவில்லை.

வெந்நீர் விஷயம் வந்த சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிசம்பர் தொடக்கம். தீட்டு கழிக்கிற குளியலைப் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது.

"இந்த ஊர்ப் பனியில பச்சைத் தண்ணியைத் தலையில விட்டுண்டா நிமோனியாதான் வரும் சார்" என்றார் ஒரு மாமா. "போன வாரம் எங்க பெரியப்பா போன சேதி வந்தது. குளிச்சுட்டு ரெண்டு நாள் எழுந்திருக்க முடியலை."

மாமா யோசித்தார். பிறகு ஆபீஸ் செல்வோருக்குத் தளர்த்தலாம் என்று எழுதினார்.

"எங்களுக்கு?" என்று சமையலறை வாசலிலிருந்து ஒரு மாமி கேட்டாள்.

"நீங்க என்ன, எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கப் போறேளா?" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாவும் சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், நான் பார்த்தேன்.

நம்மில் பெரும்பாலோருக்கு அப்போது தமிழ் படிக்கத் தெரியாது. உங்களைத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கான்வென்ட்டில் இங்கிலீஷும் ஹிந்தியும் படித்தீர்கள், வீட்டில் தமிழ் பேசினீர்கள், அவ்வளவுதான். நான் மட்டும் தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்தில் படித்தேன். அதனால் மாமா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். டிக் போட்ட பகுதிகளின் தமிழ் அர்த்தத்தை ஹிந்தி எழுத்தில் நான் எழுத வேண்டும். அதை அவர் ஆபீஸில் ஜெராக்ஸ் எடுத்து வருவார். நீங்கள் சனிக்கிழமைதோறும் ராகம் போட்டு வாசித்தது என் கையெழுத்தை. யாரும் கேட்டதில்லை என்பதால் இப்போது சொல்கிறேன்.

தீபாவளி லீவில் புத்தகத்தை என் கையில் கொடுத்தபோது மாமா நடுவில் ஒரு கற்றையைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு தாள்களைச் சேர்த்து இரண்டு குண்டூசி குத்தியிருந்தது. மேலே பென்சிலில், 'பெண்களும் குழந்தைகளும் இருக்கும் சபை. வாசிக்க வேண்டாம்.'

"இதைத் தாண்டி அடுத்ததுலேருந்து எழுதிக்கோ" என்றார்.

சபையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் காதில் விழக்கூடாது என்று குத்தி வைத்ததை ஒரு குழந்தையின் கையிலேயே கொடுக்கிறோம் என்று அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. எழுதுகிறவள் படிப்பாள் என்பது அவர் கணக்கில் வராது. அவர் ஆபீஸ் டைப்பிஸ்டுகள் எல்லாம் எதையும் படிக்காமலே அடித்தார்களோ என்னவோ.

அன்று மத்தியானமே ஊசியை எடுத்துவிட்டேன். முன்பக்கத்து பால்கனியில் வெயில் இருந்தது. வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டு படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதி பிடிக்கவில்லை. வீட்டுக்கு விலக்கான பெண் முதல் நாள் யாருக்குச் சமம், இரண்டாம் நாள் யாருக்குச் சமம் என்றெல்லாம் இருந்தது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் எனக்கும் வரப்போகிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். என்னைப் பற்றி யாரோ முன்கூட்டியே கெட்டதாக எழுதி வைத்திருந்தது போல இருந்தது. அழுகை வரவில்லை, கோபம் வந்தது.

அதன் நடுவில் ஒரு சின்னப் பத்தி. அப்படி விலகி இருக்கிற பெண்ணுக்கு ஜுரம் வந்துவிட்டால் அவள் நாலாம் நாள் தலைக்குக் குளிக்க வேண்டியதில்லை. உடம்பு நன்றாக இருக்கிற இன்னொரு பெண் அவளைத் தொட்டுவிட்டுப் போய்க் குளிக்க வேண்டும். திரும்ப வந்து தொட்டுவிட்டு மறுபடி குளிக்க வேண்டும். இப்படிப் பத்துத் தடவை. கடைசியில் நோயாளிக்குப் புடவை மாற்றிவிட்டால் அவள் சுத்தம். பத்துத் தடவை குளிக்கிறவளுக்கு ஜுரம் வராதா என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. படித்து முடித்துவிட்டு அதே ஓட்டைகளில் ஊசியைத் திரும்பக் குத்தினேன்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். விலகி உட்கார் என்று சொல்ல ஒரு புத்தகமும் தேவைப்படவில்லை. அது எல்லா வீட்டுக்கும் தெரியும். ஜுரம் என்றால் குளிக்காதே என்று சொல்ல அந்த ஒரு பத்திதான் இருந்தது. கூச்சப்பட்டு மொத்தத்தையும் குத்தி மூடினார்கள். கடுமை வெளியே நடமாடிக்கொண்டிருந்தது, இரக்கம் மட்டும் ஊசிக்குள் மாட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டில் அம்மா உட்காரும் இடம் பின்பக்கத்து பால்கனி. இரண்டாவது மாடி. மூங்கில் சிக் திரை ஒன்று தொங்கும், அதன்மேல் அப்பா பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தார். பாத்திரம் தேய்க்கிற குழாயும் அங்கேதான். கீசர் உள்ளே பாத்ரூமில் இருந்தது. குளித்த பிறகுதான் உள்ளே வரலாம் என்பதால் நாலாம் நாள் விடியற்காலை அந்தப் பால்கனிக் குழாயில்தான் அம்மா குளிப்பாள். படுத்துக்கொள்ள ஒரு பாய், போர்த்திக்கொள்ள ஒரு பழைய கம்பளி. ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை கிடையாது. கம்பளிக்குத் தீட்டு ஒட்டாதாம். ரஜாய் பஞ்சு, தொட்டால் நனைக்க வேண்டும். ரஜாயை நனைத்தால் டெல்லி ஜனவரியில் எங்கே காயப் போடுவது? ஆகவே உள்ளே நானும் அப்பாவும் ஆளுக்கொரு ரஜாய்க்குள் படுத்திருப்போம். மூன்றாவது ரஜாய் கட்டிலில் மடித்து வைத்தபடி இருக்கும்.

அப்பா கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மூன்று நாளும் அவரே உப்புமா கிண்டுவார், என் தலையைக் கோணல் மாணலாகப் பின்னிவிடுவார். அவருக்கு அம்மாவிடம் பிரியம் இருந்தது. மேலே இருக்கிறவர்களிடம் பயமும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அந்த ஜனவரியில் தெரிந்தது.

திங்கட்கிழமை அம்மா வெளியே உட்கார்ந்தாள். ஏற்கெனவே இருமல் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஜுரம். அப்பா மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வாசற்படியில் வைத்தார். தெர்மாமீட்டரையும் வைத்தார். அம்மா பார்த்துவிட்டு நூற்றியிரண்டு என்றாள். அடுத்த பால்கனியில் பஞ்சாபி ஆன்ட்டி துணி காயப் போட வருவாள். இரண்டு பால்கனிக்கும் நடுவில் கை நீட்டும் தூரம்தான்.

"க்யா ஹுவா பெஹன்ஜி? அந்தர் க்யோன் நஹீன் ஜாதீன்?" என்று கேட்டாள். ஏன் உள்ளே போகவில்லை என்கிறாள்.

அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். ஆன்ட்டி இஞ்சி போட்ட டீயை ஸ்டீல் டம்ளரில் கைப்பிடிச் சுவர் வழியாக நீட்டினாள். அம்மா வாங்கிக் குடித்தாள். கண்ட இடத்தில் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்பதற்கும் புத்தகத்தில் டிக் இருந்தது. அம்மா எனக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பிக்கொண்டு குடித்தாள்.

புதன்கிழமை முழுக்க நான் அந்தப் பத்தியையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை எடுத்தது தெரிந்தால் அடி விழும் என்கிற பயம். வியாழக்கிழமை நாலாம் நாள். ஐந்தரைக்கு அப்பா பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனி மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. பால்கனியில் அம்மா இருமுகிற சத்தம்.

"அப்பா, அம்மா குளிக்க வேண்டாம்" என்றேன்.

"என்னது?"

"புஸ்தகத்தில இருக்கு. ஜுரம் வந்தா இன்னொருத்தர் குளிக்கலாம். நான் குளிக்கறேன், பத்துத் தடவை. கீசரைப் போடு."

அப்பா அடுப்பை அணைத்தார். எழுதுகிறதற்காகப் புத்தகம் சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருக்கும். எடுத்து வந்து டியூப் லைட்டின் கீழே வைத்து ஊசியைப் பிடுங்கினேன். அப்பா இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவை படித்தார்.

"இருக்கு" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் கண் பத்தியின் ஓரத்திலிருந்த அடைப்புக்குறிக்குப் போயிற்று. "ஆனா மாமா இதை எடுத்துக்கலையே."

"எடுத்துக்கலைன்னா என்ன? போட்டிருக்கே."

"சபையில இன்னும் ஒத்துக்கலைடி. நாமளா செஞ்சா தப்பாப் போயிடும்." பால்கனிக் கதவருகே போய், "கொஞ்சம் இரு. மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு வந்துடறேன்" என்றார்.

"என்ன கேக்கப் போறேள்?" என்றாள் அம்மா உள்ளடங்கிய குரலில்.

"வந்து சொல்றேன்."

சைக்கிள் கேரியரில் நான், என் மடியில் சால்வை சுற்றிய புத்தகம். மாமா அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். உடம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. விபூதிக்கு மேலே மங்கி கேப். அப்பா பக்கத்தை விரித்துக் காட்டியதும் அவர் முதலில் கேட்டது, "குண்டூசியை யாரு எடுத்தா?"

"நான்தான் சார்" என்றார் அப்பா.

மாமா படித்தார். அவர் மனைவி இரண்டு டம்ளரில் காப்பியும் எனக்குப் பாலும் கொண்டுவந்து நின்றாள்.

"சார், ஜுரம் நூத்தி ரெண்டு. இன்னிக்குக் குளிக்கணும். குழந்தை நான் பத்துத் தடவை குளிக்கறேங்கறா."

"இருக்கட்டும். நடுவில ஒரு வரியைப் பார்த்துட்டு முடிவு பண்ணப்படாது. முன்ன பின்ன பார்க்கணும். இது ஆபத்துக் காலத்துக்குச் சொன்னது."

"இது ஆபத்து இல்லையா சார்?"

"உனக்குப் புரியலை. ஒருத்தருக்குத் தளர்த்தினா நாளைக்கு எல்லாருக்கும் ஜுரம் வரும். சனிக்கிழமை சபையில வெச்சுக்கலாம். அதுவரைக்கும் நடைமுறை எப்படியோ அப்படியே இருக்கட்டும். காப்பியைக் குடி, ஆறிப்போறது."

"சரி சார்" என்றார் அப்பா.

காப்பியைக் குடித்தார். நானும் பாலைக் குடித்தேன். ஆபீஸில் யாருக்கோ மாற்றல் வந்திருப்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசினார்கள். மாமி டம்ளருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். என் கோபம் இன்றைக்கும் அந்தப் பத்து நிமிஷத்தின் மேல்தான். கடல் தாண்ட ஒரு நிமிஷம், இதற்குச் சனிக்கிழமை.

திரும்பி வந்தபோது பால்கனித் தரை நனைந்திருந்தது. அம்மா சமையலறையில் நின்றாள். ஈரத் தலையில் துண்டு, குக்கரில் சாதம், கையில் வாழைக்காய். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இருன்னு சொன்னேனே" என்றார் அப்பா.

"மணி என்னாச்சு பாருங்கோ. உங்களுக்கு டிபன் பாக்ஸ் யாரு கட்டுவா?"

கட்டினாள். அப்பா எடுத்துக்கொண்டு எட்டரை பஸ்ஸுக்குப் போனார். மாமா என்ன சொன்னார் என்று அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. நான் ஸ்கூலுக்குப் போனேன்.

மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது அம்மா சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. நான் ஓடிப்போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். பஞ்சாபி ஆன்ட்டி மாவுக் கையோடு வந்தாள். வந்ததும் கட்டிலில் மடித்து வைத்திருந்த ரஜாயை உருவி அம்மாவைச் சுற்றினாள்.

"இத்னீ டண்ட் மேன் நஹாயீ? கிஸ்னே கஹா நஹானே கோ?" என்று என்னைக் கேட்டாள். இந்தக் குளிரில் யார் குளிக்கச் சொன்னது?

யார் பெயரைச் சொல்வது? ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவள்தான். அவளே ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் ஆபீஸுக்கு போன் போட்டாள். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா என்றார்கள்.

சனிக்கிழமை சபை நடந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்ததால் என்னை மட்டும் அனுப்பினார். முதலில் என் அம்மாவுக்காகப் பிரார்த்தனை. நீங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டீர்கள், எனக்கு நினைவிருக்கிறது. பிறகு உங்களைப் பக்கத்து அறையில் கேரம் விளையாடச் சொல்லிவிட்டு மாமா அந்தப் பத்தியை எடுத்தார். முன்னும் பின்னும் பார்த்தாராம். ஏற்கத் தகுந்ததுதானாம். ஒருவரும் மறுக்கவில்லை. மொத்தம் ஐந்து நிமிஷம். அடைப்புக்குறியை அழித்து டிக் போட்டார், சுருக்கொப்பமிட்டார், தேதி போட்டார். என்னைக் கூப்பிட்டு, "இதை மட்டும் தனியா ஒரு தாள்ல அழகா எழுதிக் குடு. லேடீஸ் எல்லாருக்கும் ஒரு காப்பி குடுத்துடலாம்" என்றார். அவர் குரலில் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது.

மாமி என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போய் சுண்டல் கொடுத்தாள். தலையைத் தடவினாள்.

"உங்கம்மா ஒருத்திதாண்டி இப்படி. நாங்கல்லாம் ஒவ்வொரு மாசமும் விலக்குன்னு சொல்லிண்டா இருக்கோம்? ஒரு மாசம் சொல்லுவோம், ரெண்டு மாசம் வாயைத் திறக்க மாட்டோம். குளிர்காலத்தில சுத்தமா சொல்லவே மாட்டோம். மாமாவுக்கு என்ன தெரியப் போறது?"

ஆண்களுக்குப் பென்சில் இருந்தது. பெண்கள் வாயை மூடிக்கொண்டே வேண்டாததை விட்டுவிட்டார்கள். புத்தகம் சொன்னதையும் சொல்லாததையும் அப்படியே நம்பி நடந்தது அந்தக் காலனியிலேயே என் அம்மா ஒருத்திதான். இந்த மாமி அன்று காலை காப்பி டம்ளரோடு நின்றபோதும் இதெல்லாம் தெரிந்துதான் நின்றாள். அவள் மேலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அவள் படத்துக்கும் நீங்கள் கைகூப்பலாம், என்னைக் கூப்பிடாதீர்கள்.

அம்மா பிழைத்தாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு குளிர்காலம் இருந்தாள். ஒவ்வொன்றிலும் மாடி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். கடைசிக் குளிர்காலத்தில் அந்த மூச்சும் போதவில்லை. அப்பா அதன்பின் ஒருநாள், "மாமா வேணும்னு பண்ணலைம்மா" என்றார். வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்றேன். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி மட்டும் இல்லை. என்னைப் பற்றியும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். டெட்டால் வாசனை, ஜன்னல் வழியாக வெளிறிய வெயில். அம்மா தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் இருந்த குழாயை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். நான் பையிலிருந்து தாளை எடுத்தேன். சனிக்கிழமை ராத்திரியே எழுதிவிட்டேன். ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, என்னால் முடிந்த அழகான எழுத்தில். அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். பதினோரு வயது, அப்படித்தான் நினைத்தேன்.

பழக்கத்தில் அதையும் ஹிந்தி எழுத்திலேயே எழுதியிருந்தேன். அம்மாவுக்கு அந்த எழுத்து மெதுவாகத்தான் வரும். பஸ் போர்டுகளையும் கடைப் பலகைகளையும் பார்த்துக் கற்றுக்கொண்டவள். உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படித்தாள்.

"இது எப்போ வந்தது?" என்றாள்.

"நேத்திக்கு. சபையில எல்லாரும் ஒத்துண்டா."

"அதைக் கேக்கலைடி. புஸ்தகத்தில எப்போ வந்தது?"

"புஸ்தகத்தில எப்பவும் இருந்ததும்மா. குண்டூசி குத்தியிருந்தது."

"உனக்கு எப்போ தெரியும்?"

"தீபாவளி லீவுலேருந்து."

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், அவள் திட்டவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அப்பாகிட்ட சொன்னேனே. மாமாகிட்ட கேக்கத்தான் நாங்க போனோம்."

அவள் தாளை மறுபடி மேலேயிருந்து படிக்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை விரலை வைத்து, ஒரு வரிகூட விடாமல். "ஜுரத்தில இருக்கறவ ஒருத்தி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் படித்து, "தொட்டுட்டுக் குளிக்கறவ ஒருத்தி" என்றாள். முடிவு வரைக்கும் போனாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இதுல அப்பா எங்கேடி வரார்?" என்று கேட்டாள்.